வாரக் கூட்டமும் வளர்ந்த தோழமையும்

சங்கம் ஒன்றைத் தொடங்குதல் எளிது. அதனை நடத்துதல் அரிது. நம் ஊர்களிலே இவ்வுண்மையை அறியாதார் இலர். தொடக்க விழாவன்று மண்டபம் நிறைந்திருக்கும். தலைவர், உபதலைவர், காரியதரிசி, தனாதிகாரி என உத்தியோகத்தர் தெரிவு ஆரவாரத்தோடு நடைபெறும். மூன்றாம் மாதத்திலே கூட்ட அறிக்கைப் புத்தகத்தைக் கையிலேந்திய காரியதரிசி ஒருவரே மண்டப வாசலிற் காத்திருப்பார். ஆண்டு முடிவில் அப்புத்தகம் எங்கேயென்று கேட்பாரும் இரார்.

நம்மவரிடம் பொதுப்பணியார்வம் குறைவு என்று இதற்குக் காரணம் கூறுவாருளர். அது பொருந்தாது. வெள்ளம் வந்தால் உலையேற்றி ஊருக்குச் சோறிடுபவரும், தேர்த்திருவிழாவிலே முந்திச் சென்று வடம் பிடிப்பவரும் நம்மவரே. ஆண்டுக்கொரு முறை பெருந்திரளாய்க் கூடுதல் நமக்குக் கைவந்த கலை. விழாவும் ஆபத்தும் இல்லாத சாதாரணமான ஒரு வாரத்திலே, குறித்த நாளில் குறித்த நேரத்திற் கூடியிருத்தலே நாம் பழகவேண்டிய கலை.

அக்கலையையே அடித்தளமாகக் கொண்டு உலகெங்கும் பரவிய சேவைக் கழகம் ஒன்று உண்டு. அதுவே றோட்டரிக் கழகம். வியாபாரிகளும் உத்தியோகத்தரும் வாரத்தில் ஒருநாள் கூடி உண்டு, உரை கேட்டுக் கலையும் சபையென்றே பலர் அதனை அறிவர். வெறும் விருந்தாகத் தொடங்கிய அக்கூட்டம் எவ்வாறு பெரும்பணிகளைத் தாங்கும் தூணாயிற்று, எங்கே அது தலைநிமிர்ந்தது, எங்கே தலைகுனிந்தது என்பவற்றை வரலாற்றின் வழியே நோக்குவோம்.

இதனைத் தோற்றுவித்தவர் பால் ஹரிஸ் என்னும் சட்டத்தரணி. அவர் 1868ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்து ரசீன் நகரிற் பிறந்தவர். வேர்மொன்ற் மாநிலத்து வொலிங்போர்ட் என்னும் சிற்றூரிலே பாட்டனார் பாட்டியாரின் அரவணைப்பில் வளர்ந்தவர். அவ்வூரிலே ஒருவரை ஒருவர் அறியாதார் இல்லை. 1896ஆம் ஆண்டிலே தொழில் நடத்துதற்பொருட்டு அவர் சிக்காகோ நகரிற் குடியேறினார். அந்நகரத்துச் சனத்தொகை 1900ஆம் ஆண்டிற் பதினேழு இலட்சம் அளவினதாக இருந்தது. அத்துணைப் பேர் நடுவிலும் ஹரிஸுக்கு நண்பர் இலர். வேலை நாட்கள் எவ்வாறோ கழிந்தன. ஞாயிற்றுக்கிழமைகளும் விடுமுறை நாட்களும் வந்துற்றபோது தனிமை அவரை வாட்டியது. கிராமத்தை விட்டு நகரத்துக்கு உத்தியோகம் தேடிச் சென்று, வாடகை அறையொன்றிலே மாலைப்பொழுதைக் கழிக்கும் நம் இளைஞர் அத்தனிமையை நன்கறிவர்.

1905ஆம் ஆண்டு பெப்ருவரி 23ஆந் திகதி, வியாழக்கிழமை மாலையிலே, சிக்காகோவின் டியர்போன் வீதியிலுள்ள யூனிற்றிக் கட்டிடத்து 711ஆம் இலக்க அறையில் நால்வர் கூடினர். ஹரிஸ் ஒருவர், நிலக்கரி வணிகரான சில்வெஸ்ரர் ஷீல் ஒருவர், சுரங்கப் பொறியியலாளரான கஸ்ராவஸ் லோர் ஒருவர், தையற்றொழில் நடத்திய ஹைரம் ஷோரி மற்றையவர். அவ்வறை லோரின் அலுவலகமாகும். அன்று பெரும் பிரகடனம் எதுவும் செய்யப்படவில்லை. பல்வேறு தொழில் செய்வோர் நட்புரிமையோடு காலத்துக்குக் காலம் கூடினால் நன்றென்னும் எண்ணமே பேசப்பட்டது. அந்நால்வரில் லோரும் ஷோரியும் நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஷீல் முதற் தலைவரானார். இறுதிவரை ஹரிஸின் உற்ற நண்பராக விளங்கினார். இன்று அவ்விருவரின் கல்லறைகளும் ஒரே மயானத்தில் அருகருகே உள்ளன.

தொடக்கத்திலே கழகத்துக்குச் சொந்தமான மண்டபம் இருக்கவில்லை. இன்று ஒருவர் அலுவலகம், அடுத்த முறை இன்னொருவர் தொழிலிடம் என்று முறைவைத்துக் கூடினர். இவ்வாறு சுழன்று கூடியமையாலேயே ‘றோட்டரி’ என்னும் பெயர் வந்தது. அதன் முதற் சின்னம் ஒரு வண்டிச் சில்லு. பின்னாளில் அது 24 பற்களும் 6 ஆரங்களும் உடைய பற்சில்லாக மாறிற்று. சுழற்சியாற் பெயர் மட்டுமன்றிப் பயனும் விளைந்தது. நிலக்கரி வணிகரின் களஞ்சியத்திலே அமர்ந்த சட்டத்தரணி, அத்தொழிலின் பாடுகளைக் கண்ணாரக் கண்டார். மண்டபம் இல்லாத குறை அவர்களுக்கு ஒரு கல்வியாயிற்று.

அக்காலத்தே அவர்கள் கைக்கொண்ட வழக்கங்கள் சில கவனிக்கத்தக்கன. ஒரு தொழிலுக்கு ஒருவர் என்னும் விதியால் உள்ளே போட்டியும் பொறாமையும் புகவில்லை. பட்டம் பதவி கூறி அழையாது ஒருவரையொருவர் இயற்பெயராலேயே அழைத்தனர். ஐந்தாம் அங்கத்தவராகச் சேர்ந்த ஹரி றகிள்ஸ் என்னும் அச்சகத்தார், கூட்டத்திலே சோர்வு தட்டிய வேளைகளில் எழுந்து நின்று பாட்டுத் தொடங்கினார். பின்னர் சேர்ந்து பாடுதல் பல கழகங்களுக்கு வழக்கமாயிற்று. வளர்ந்த மனிதர்கள் பாடுவது சிறுபிள்ளைத்தனம் என்று நகைத்தாரும் இருந்தனர். ஆயினும் ஒன்றாகப் பாடியவர்கள் பகைத்துப் பிரிதல் எளிதன்று.

இனி, மறைக்கலாகாத ஓர் உண்மையையும் கூறல் வேண்டும். இக்கழகம் தொடக்கத்திலே சேவைக் கழகமாக இருக்கவில்லை. நட்போடு வியாபார லாபமும் அதன் நோக்கமாக இருந்தது. அங்கத்தவர் ஒருவருக்கொருவர் கொடுத்த வியாபாரத்தைக் கணக்கெழுதுதற்கென்றே ஒருவர் நியமிக்கப்பட்டிருந்தார். 1906ஆம் ஆண்டிலே டொனல்ட் காட்டர் என்னும் சட்டத்தரணியைச் சேருமாறு அழைத்தபோது அவர் மறுத்தார். தன் அங்கத்தவருக்கே பயன் தேடும் சபைக்கு எதிர்காலம் இல்லை, ஊருக்கும் ஏதேனும் செய்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. மறுத்தவர்மீது சினங்கொள்ளாது அக்கருத்தை ஏற்றுக் கழகம் தன் நோக்கங்களோடு நகரநலனையும் சேர்த்துக்கொண்டது, காட்டரும் அங்கத்தவரானார். வெளியிலிருந்து வந்த கண்டனத்தைச் செவிமடுத்தமையாலேயே அச்சபை பிழைத்தது.

முதலாவது பொதுப்பணி யாதென்று கேட்பின் இளைஞர் சிலர் புன்னகை செய்யக்கூடும். அது மலசலகூடம் அமைத்தல். சிக்காகோ நகர மத்தியிலே பொதுமக்களுக்கு அவ்வசதி இருக்கவில்லை. 1907ஆம் ஆண்டு முதல் ஏனைய நகரச் சபைகளையும் சேர்த்துக்கொண்டு இக்கழகத்தார் அதற்காக முயன்றனர். ஆண்களுக்கு மதுச்சாலைகளில் அவ்வசதி உண்டென்று மதுவடிப்போரும், பெண்களுக்குத் தம் கடைகளில் உண்டென்று பெருங்கடைக்காரரும் எதிர்த்தனர். குடியாமலும் பொருள் வாங்காமலும் ஒருவர் அவ்விடங்களுக்குச் செல்லலாமா என்பதை அவர்கள் சிந்திக்கவில்லை. விடாமுயற்சியின்பின் நகரமண்டபத்தருகே அது அமைந்தது. புகழ்தராத அற்பப் பணியென்று தோன்றினும், அன்றாடம் ஆயிரக்கணக்கானோரின் மானத்தைக் காத்த பணி அது. இரண்டு மூன்று ஆண்டுகள் அலைந்து செய்யவேண்டிய அத்தகைய பணியை, ஒருநாள் உற்சாகத்தோடு கலையும் கூட்டம் செய்துமுடித்தல் இயலாது.

வாரந்தோறும் கூடும் வழக்கம் எப்பொழுது வந்தது? சிக்காகோக் கழகம் தொடக்கத்தில் இரு வாரங்களுக்கு ஒருமுறையே கூடிற்று. 1908ஆம் ஆண்டிலே சான் பிரான்சிஸ்கோவில் இரண்டாவது கழகம் எழுந்தது. மூன்றாவதாக எழுந்த ஓக்லண்ட் நகரக் கழகமே வாரந்தோறும் நண்பகற் போசனத்துக்குக் கூடும் முறையைத் தொடங்கிவைத்தது. 1910ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் 16 கழகங்கள் சிக்காகோவிற் கூடித் தேசிய சங்கமாயின. வாரக் கூட்டமும் எங்கும் பரவிற்று. இதனைப் பின்பற்றி வேறு சேவைக் கழகங்களும் தோன்றின. அவற்றுள் 1917ஆம் ஆண்டிலே அதே சிக்காகோ நகரத்து மெல்வின் ஜோன்ஸ் என்பவரின் முயற்சியால் எழுந்த லயன்ஸ் கழகத்தை நம் நாட்டவர் நன்கறிவர்.

அவ்வாரக் கூட்டத்தின் நடைமுறை மிக எளியது. குறித்த நேரத்திலே தலைவர் மணியடிப்பார். உணவு நடைபெறும். விருந்தினர் அறிமுகம் செய்யப்படுவர். காரியதரிசி அறிவித்தல்களைச் சொல்வார். பின்பு ஒருவர் இருபது முப்பது நிமிடம் உரையாற்றுவார். நன்றியுரையோடு மீண்டும் மணி ஒலிக்கும். சென்ற வாரம் முடிந்த நேரத்திலேயே இந்த வாரமும் முடியும். எப்போது முடியுமென்று தெரியாத கூட்டத்துக்கு உழைக்கும் மனிதர் வருதல் அரிது. நேரத்துக்குத் தொடங்காமை வந்தவரை அவமதித்தல். நேரத்துக்கு முடியாமை அவரை அடுத்த வாரம் வாராமற் செய்தல்.

வரவு விடயத்திலே அவர்கள் கண்டிப்பாக இருந்தனர். தக்க காரணமின்றித் தொடர்ந்து நான்கு கூட்டங்களுக்கு வாராதவர் அங்கத்துவத்தை இழக்கலாம் என்பது நெடுங்கால விதி. ஆயினும் அக்கண்டிப்பிலே ஓர் அழகிய நெகிழ்வும் இருந்தது. வெளியூர் சென்றவர் அவ்வூர்க் கழகத்துக் கூட்டத்திற் கலந்துகொண்டால் தம் கழகத்தில் வரவு பதியப்படும். இதனாற் கொழும்பு வணிகர் ஒருவர் பம்பாயிலோ லண்டனிலோ முன்பின் அறியாதாரோடு ஒரே மேசையில் அமர்ந்தார். தண்டனைக்கு அஞ்சிச் சென்றவர் நண்பரோடு திரும்பினார். விதியொன்று தோழமையை வளர்த்த விந்தை இது.

வாரம் என்னும் கால அளவு ஏன் இத்துணைப் பயன் தந்தது? மாதத்துக்கு ஒருமுறை காண்பவரிடம் நாம் சுகம் விசாரிப்போம், அவரும் நலமென்பார். வாரந்தோறும் காண்பவரின் முகவாட்டத்தை நாமே கண்டுகொள்வோம். ஒரு வாரம் அவர் வாராதொழிந்தால் அவருடைய நாற்காலி வெறுமையாகத் தெரியும். யாரேனும் அவர் வீட்டுக்குப் போய் விசாரிப்பர். கருத்து வேறுபாடும் அவ்வாறே. இன்று வாதிட்டவரை ஏழு நாளில் மீண்டும் காணவேண்டும் என்று அறிந்தவர், சொல்லை அளந்தே பேசுவர். நம்பிக்கை இவ்வாறு சிறுகச் சிறுகச் சேர்வது. பெரும்பணி வந்துற்றபோது எடுத்துச் செலவிடும் சேமிப்பு அதுவே.

தோழமை முதலா, தொண்டு முதலா என்னும் வாதம் அவ்வியக்கத்துள்ளேயும் எழுந்தது. 1911ஆம் ஆண்டிலே போட்லண்ட் நகரில் நடந்த மகாநாட்டில் மினியாப்பொலிஸ் நகரத்து பெஞ்சமின் கொலின்ஸ் என்பவர் தன்னலத்துக்கு மாறாகச் சேவையை முன்வைத்துப் பேசினார்; இன்றும் வழங்கும் குறிக்கோள் வாசகத்துக்கு அவ்வுரையே வித்து. நண்பராய்க் கூடிக் கலைந்தாற் போதுமென்றும், ஊர்ப்பணிகள் அனைத்தையும் தலைமேற் கொள்ளல் வேண்டுமென்றும் இரு திறத்தார் தொடர்ந்து வழக்கிட்டனர். 1923ஆம் ஆண்டிலே செயின்ற் லூயிஸ் நகர மகாநாடு இதற்கு இணக்கம் கண்டது. தனக்கெனப் பயன் தேடும் ஆசைக்கும் பிறருக்கு உழைக்கும் கடமைக்கும் இடையே மனிதருள் ஓயாது நிகழும் போராட்டத்தை இணக்கப்படுத்தும் வாழ்க்கை நெறியே இதுவென்று அத்தீர்மானம் வரைவிலக்கணம் கூறிற்று.

ஆசியாவிலே மனிலாவில் 1919ஆம் ஆண்டிலும், அதையடுத்துக் கல்கத்தாவிலும் கழகங்கள் எழுந்தன. பின்னர் கனடா நாட்டுக் கல்கரி நகரத்து ஜேம்ஸ் டேவிட்சன் என்பவர் 1928 முதல் 1931 வரை மனைவியோடும் மகளோடும் கிழக்குத் திசை எங்கும் பயணஞ் செய்து இருபதுக்கு மேற்பட்ட கழகங்களைத் தோற்றுவித்தார். 1929ஆம் ஆண்டிலே சென்னையிலும் நம் கொழும்பிலும் கழகங்கள் தோன்றின. அடுத்த ஆண்டில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் தோன்றின. அது குடியேற்ற ஆட்சிக் காலம். வெள்ளையர் தமக்கென வைத்திருந்த கழகங்கள் பலவற்றில் சுதேசிகளுக்கு இடமில்லை. அத்தகைய நகரங்களிலே மலாயர், சீனர், இந்தியர், ஐரோப்பியர் என்போர் வாரந்தோறும் ஒரே மேசையில் உண்ணுதல் சிறுகாரியமன்று. சமபந்தி என்பதன் அருமையை நம் சமூகத்தாருக்கு விளக்கவேண்டியதில்லை.

ஆயினும் ஒன்றாயிருந்து உண்டமையால் மட்டும் தோழமை மெய்யாகிவிடாது. 1933ஆம் ஆண்டிலே ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும், மியூனிச் நகரக் கழகம் யூத அங்கத்தவரை நீக்கிற்று. நாற்சிகளை எதிர்த்துப் பேசிய தோமஸ் மானையும் நீக்கிற்று. அவர் 1929ஆம் ஆண்டிலே இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற பேரெழுத்தாளர். அக்கழகத்தின் மேசையிலே ஆண்டுக்கணக்காக அமர்ந்தவர். நண்பரைப் பலிகொடுத்தாற் சபை பிழைக்கும் என்று எண்ணினார் போலும். சபையும் பிழைக்கவில்லை, 1937ஆம் ஆண்டிலே ஜேர்மனியின் கழகங்கள் யாவும் கலைந்தன. ஆபத்து வந்தபோது பக்கத்து நாற்காலியிலிருந்தவரைக் கைவிட்ட தோழமை, முன்னரே வெறும் போசனமாகிவிட்டது என்க.

இதன் மறுபக்கமும் உண்டு. ஜப்பானிலே 1940ஆம் ஆண்டில் அரசியல் நெருக்கடியாற் கழகங்கள் சர்வதேச அமைப்பினின்றும் விலக நேர்ந்தது. பெயர் பறிபோயிற்று, சின்னம் பறிபோயிற்று, கூடும் நாள் மட்டும் எஞ்சிற்று. தோக்கியோவினர் புதன்கிழமைக் கழகம் என்றும், ஒசாக்காவினர் வெள்ளிக்கிழமைக் கழகம் என்றும் பெயர்சூடித் தொடர்ந்து கூடினர். 1949ஆம் ஆண்டிலே தோக்கியோக் கழகம் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டது.

பெண்கள் விடயத்திலே இவ்வியக்கம் நெடுங்காலம் பிற்போக்காகவே இருந்தது. கலிபோர்னியாவின் டுவார்ட் என்னும் சிறுநகரக் கழகம் 1977ஆம் ஆண்டிலே மூன்று பெண்களைச் சேர்த்தது. மறு ஆண்டிலே அதன் அங்கீகாரம் பறிக்கப்பட்டது. அவர்கள் கலையவில்லை. ‘முன்னாள் றோட்டரிக் கழகம்’ என்று தம்மைத் தாமே அழைத்துக்கொண்டு தொடர்ந்து கூடினர்; வழக்கும் நடத்தினர். 1987ஆம் ஆண்டு மே 4ஆந் திகதி அமெரிக்க உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1989ஆம் ஆண்டிலே உலகெங்கும் பெண்களுக்குக் கதவு திறந்தது. தலைமைப்பீடம் தவறிய இடத்தில் ஒரு சிறுநகரக் கழகம் நேர்நின்று வழிகாட்டியது.

இத்தகைய வாரக்கூட்டங்களின் வலிமையை உலகம் முழுமையாகக் கண்டது இளம்பிள்ளைவாத ஒழிப்பிலேயாம். 1979ஆம் ஆண்டிலே பிலிப்பைன் நாட்டுக் குழந்தைகளுக்குத் தடுப்பு மருந்து வழங்குவதோடு தொடங்கிய பணி, 1985ஆம் ஆண்டிலே உலகளாவிய திட்டமாயிற்று. 1988ஆம் ஆண்டளவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 350,000 பேரைத் தாக்கிய அந்நோய் இன்று மிக அருகிவிட்டது. நம் நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்த காலத்திலும் அப்பணி நிற்கவில்லை. தேசிய தடுப்பு மருந்து நாட்களிலே துப்பாக்கிகள் ஓய்ந்திருக்க இணக்கம் காணப்பட்டது. யுனிசெவ் நிறுவனத்தோடு சேர்ந்து அதற்காக உழைத்தவருள் ஒருவர் கொழும்புக் கழகத்தைச் சேர்ந்த கே. ஆர். ரவீந்திரன். வடக்கிலும் தெற்கிலும் தாய்மார் குழந்தைகளோடு வரிசையில் நின்றனர். 1993ஆம் ஆண்டின்பின் இலங்கையிலே எவரும் இந்நோயால் தாக்கப்படவில்லை. 2014ஆம் ஆண்டிலே தென்கிழக்காசியப் பிராந்தியம் முழுவதும் அந்நோயற்றதென உலக சுகாதார நிறுவனம் அத்தாட்சி வழங்கிற்று. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின்னர் பாழடைந்த 25 பாடசாலைகளை மீளக் கட்டிய திட்டத்துக்கும் அவரே தலைமை தாங்கினார். 2015ஆம் ஆண்டிலே உலக அமைப்பின் தலைவராயமர்ந்த முதல் இலங்கையரும் அவரே.

இளைஞர்க்கெனவும் இவ்வியக்கத்தில் இடமுண்டு. மாணவருக்கான இன்ரறக்ற் கழகம் 1962ஆம் ஆண்டிலும், வளர்ந்த இளைஞருக்கான றோட்டறக்ற் கழகம் 1968ஆம் ஆண்டிலும் தொடங்கின. 2016ஆம் ஆண்டு முதல் வாரந்தோறும் கூடவேண்டும் என்னும் விதியும் தளர்த்தப்பட்டுள்ளது. மாதத்தில் இருமுறையாவது கூடினாற் போதும். கால மாற்றத்துக்கு ஏற்ற தளர்வு இது. நாட்களின் எண்ணிக்கை மாறலாம். நாள் குறித்துக் கூடுதல் மாறலாகாது. நூறாண்டு பழகியவர்கள் தளர்த்திக்கொள்ளும் விதியை, இன்னும் பழகாதவர்கள் முதலிலேயே தளர்த்திக்கொள்ளல் அறிவுடைமையன்று.

இளைஞர்களே, பெரியோர்களே! இவ்வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளவேண்டியவை மிகச் சிலவே. கூட்டத்துக்கு ஒரு நாளும் ஒரு மணியும் குறியுங்கள்; நால்வரே வரினும் அந்த மணிக்கே தொடங்குங்கள். முதல் நாள் சிக்காகோவிலும் நால்வரே இருந்தனர். கூடும்போது தேநீரும் ஒரு பிடி கடலையுமாயினும் பகிர்ந்துண்ணுங்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் தம் தொழிலைப் பற்றிப் பேசட்டும். தச்சரும் தபாற்காரரும் ஆசிரியரும் கமக்காரரும் ஒருவர் பாட்டை ஒருவர் அறியட்டும். வாராதவருக்குக் கடிதம் எழுதாது, அவர் படலையைத் தட்டி விசாரியுங்கள். ஊரிலே புகழ்தராத பணியொன்றைத் தெரிந்தெடுத்து, அது முடியும்வரை கைவிடாது செய்யுங்கள். நம் மேசையில் இதுவரை இடம்பெறாதவர் யாரென்று ஆண்டுக்கு ஒருமுறையாவது கேட்டு, அவருக்கு ஒரு நாற்காலி இடுங்கள்.

முதியோர் தம் அனுபவத்தோடு முன்வரிசையில் அமரட்டும். இளைஞர் தம் கால்வலிமையோடு வேலைகளை ஏற்கட்டும். ஆண்டு விழாவுக்கு வரும் ஐந்நூறு பேரைக் காட்டிலும், மழை பெய்யும் ஒரு மார்கழி மாலையிலே குடைபிடித்து வரும் பன்னிருவரே ஒரு சங்கத்தின் மூலதனமாவர். அப்பன்னிருவரில் ஒருவராக இருத்தல் நம் ஒவ்வொருவர்க்கும் கைகூடும் பணியேயாம்.